ஆம்ப்ளிஃபையர் செய்த தப்பு, ஸ்பீக்கருக்குத் தண்டனை



போன வாரம் எர்ணாவூர் வீட்டில் கரண்ட் போய் வந்தது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு தீய்ந்த வாசனை. அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய ஸ்பீக்கர் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. பழுதானது ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் ஏன் எரிந்தது என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பு 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் இருவரும் வெளியிட்டது. காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள். அது முன்னும் பின்னும் ஆட, காகிதக் கூம்பு ஒலிக்கும். ஒரே திசையில் பாயும் டிசி வந்தால் சுருள் ஒரு பக்கம் போய் நின்றுவிடும். வந்த மின்சாரமெல்லாம் சூடாகும்.

1938-ல் அகில இந்திய வானொலி சென்னையில் தொடங்கியபோது வீடுகளில் இருந்தவை வால்வு ரேடியோக்கள். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் டிசியைக் கடத்தாது என்று வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? வால்வு கெட்டாலும் ஸ்பீக்கர் பிழைத்தது அதனால்தான்.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் போனது. பெரிய கெப்பாசிட்டர் ஒன்று காவலுக்கு நின்றது. நம் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய 1970-க்குப் பிறகு, பிளஸ், மைனஸ் என்ற இரட்டை சப்ளை பரவியது. கெப்பாசிட்டரும் போனது. ஒலி தெளிந்தது, ஆனால் வாசலில் காவல் இல்லை.

கணக்குப் போடுங்கள். சப்ளை 36 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளுக்கு டிசி மின்தடை சுமார் 6 ஓம். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 6 ஆம்பியர், அதாவது 216 வாட் வெப்பம். எட்டு சால்டரிங் அயர்னின் சூடு ஒரு சின்னச் சுருளில்!

இதற்குத்தான் ரிலே போர்டு. போட்டதும் சில விநாடி பொறுத்தே ஸ்பீக்கரை இணைக்கும். டிசி வந்தால் துண்டித்துவிடும். என் ஆம்ப்ளிஃபையரை நானே பூட்டினேன். அந்தப் போர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவனும் நான்தான்.

நீங்கள் விடாதீர்கள். பழைய செட்டோ பழுது பார்த்த செட்டோ, ஸ்பீக்கரை மாட்டுமுன் மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டாதீர்கள். கூம்பு ஒரே பக்கம் தள்ளி நின்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் ரிலே முனைகளும் கறுக்கும், வருஷம் ஒருமுறை பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.