நோன்பும் சர்க்கரை நோயும்: ரமலானுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

விரலில் குத்தி சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியுமா? இன்சுலின் ஊசி போட்டால் முறியுமா? ரமலான் நெருங்கும்போது மஹல்லாக்களில் ஆலிம்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளில் இவை இரண்டும் தவறாமல் இருக்கும். முதலில் இவற்றுக்குப் பதிலைச் சொல்லிவிடுவோம். இரண்டாலும் நோன்பு முறியாது. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உணவாகப் பயன்படாத ஊசி மருந்துகள் தோலில் போட்டாலும், சதையில் போட்டாலும், நரம்பில் போட்டாலும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. இன்சுலின் தோலுக்கு அடியில் போடப்படும் மருந்து, உணவல்ல. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தமும் நோன்பைப் பாதிக்காது. ஹிஜாமா செய்தால் நோன்பு முறியும் என்று சொல்லும் ஹன்பலி அறிஞர்கள்கூட இந்த ஒரு சொட்டை அதில் சேர்ப்பதில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. இந்த உடல் இந்த ஆண்டு நோன்பைத் தாங்குமா என்பதே அது. நாம் மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. நோயாளிக்கான சலுகையைப் பேசும் இடங்களில் நம்பகமான, திறமையான மருத்துவரின் சொல்லையே ஃபிக்ஹ் நூல்கள் ஆதாரமாகக் கொள்கின்றன. ஆகவே சர்க்கரை உள்ளவரின் ரமலான், பள்ளிவாசலில் தொடங்கும் முன் மருத்துவமனையில் தொடங்க வேண்டும். அதுவும் பிறை பார்த்த பிறகு அல்ல, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே.

ஏன் இவ்வளவு முன்கூட்டி என்று கேட்கலாம். 2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் எபிடியார் என்ற ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நோன்புகளாவது பிடித்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு, மற்ற மாதங்களைவிட ரமலானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. நம் மக்கள் நோன்பை விடுவதில்லை. ஆனால் நோன்புக்கு ஏற்றபடி மருந்தை மாற்றிக்கொள்வதும் பலரிடம் இல்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது

சாப்பிட்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. சாப்பாடு இல்லாத நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுகிறது. கணையம் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டி இதை நடத்துகிறது. ஆரோக்கியமானவருக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேர நோன்பில் இந்த ஏற்பாடு சிரமமில்லாமல் நடக்கும். ஆனால் மாத்திரையாகவோ ஊசியாகவோ உள்ளே போன மருந்துக்கு நோன்பு தெரியாது. பசித்த வயிற்றிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை கீழே இறங்கும். மாறாக, பயந்துபோய் மருந்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை ஏறும், உடலில் நீர் வற்றும், சிலருக்கு இரத்தத்தில் அமிலம் சேரும்.

வீடுகளில் பரவலாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. காலை மாத்திரையைச் சஹருக்கும், இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் அப்படியே நகர்த்திவிடுகிறார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் காலை அளவு, காலை உணவையும் பகல் உணவையும் மனதில் வைத்துக் கொடுக்கப்பட்டது. பலருக்கு அதுவே பெரிய அளவு. அதைச் சஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுவதும் பட்டினி கிடந்தால் அசர் நேரத்தில் ஆள் சரிந்துவிடுவார். மருத்துவர்கள் பொதுவாக இதைத் திருப்பிப் போடுகிறார்கள். வழக்கமான காலை அளவு இஃப்தாருக்குப் போகும், சஹருக்குச் சிறிய அளவு வரும். இருவேளை கலப்பு இன்சுலின் போடுபவர்களுக்குச் சஹர் ஊசியைக் கால் பங்கு முதல் பாதி வரை குறைப்பது வழக்கத்தில் உள்ள முறை. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவையும் அப்படியே. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. கவனம் இங்கேதான் வேண்டும். இவற்றில் கிளிபென்கிளமைடு நோன்புக்கு ஏற்றதல்ல என்பதால் மருத்துவர்கள் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும், கூடவே நீரையும் கொண்டுபோகும். அதை ரமலானுக்குச் சற்று முன்பு புதிதாகத் தொடங்குவது நல்லதல்ல. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். "எனக்குச் சின்ன மாத்திரைதான்" என்று சொல்லும் பெரியவரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தால் அவற்றை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள்.

செவிலியரைச் சும்மா குறிப்பிடவில்லை. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி முடித்துவிடுவார். கூட்டம் அப்படி. ஊசியை எங்கே குத்துவது, கருவியில் எண்ணை எப்படிப் படிப்பது, சஹரில் என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்கள் செவிலியர்கள்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் சகோதரியிடம், இந்த வீட்டில் நோன்பு பிடிக்கும் நோயாளி இருக்கிறார் என்று சொல்லி வையுங்கள். அவர் முஸ்லிமாக இல்லாவிட்டால் சஹர், இஃப்தார் நேரங்களை நாம்தான் விளக்க வேண்டும். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

யார் நோன்பைத் தள்ளி வைக்க வேண்டும்

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு மற்றும் ரமலான் சர்வதேசக் கூட்டணியும் சேர்ந்து 2016-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2021-ல் அதைப் புதுப்பித்தன. நோயாளியின் நிலைக்கு மதிப்பெண் போட்டு, குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிகம் என்று அது பிரிக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் கடுமையாகச் சர்க்கரை தாழ்ந்தவர், தாழ்வதே உடலில் தெரியாமல் போனவர், சிறுநீரகம் பெரிதும் பழுதானவர், இன்சுலின் போடும் கர்ப்பிணி, கட்டுப்பாடில்லாத முதல் வகை நோயாளி, பல நோய்கள் சேர்ந்த தளர்ந்த முதியவர் போன்றோர் அதிக ஆபத்தில் வருவார்கள். இவர்களிடம் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால், அதை ஈமானுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில், 184, 185 ஆம் வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவான ஒரு செய்தியையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று கேட்டார். உடனிருந்தவர்கள் இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் குறை சொன்னது இறந்தவரை அல்ல. தெரியாமல் தீர்ப்புச் சொன்னவர்களையே அவரது சாவுக்குப் பொறுப்பாக்கிக் கடுமையாகக் கண்டித்தார்கள். "ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுப் பெரியவருக்குத் தைரியம் சொல்பவர்கள் இந்த ஹதீஸை ஒரு முறை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

எப்போது நோன்பைத் திறந்தே ஆக வேண்டும்

சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அல்லது 300-க்கு மேலே ஏறினால், மணி என்ன என்று பார்க்காமல் நோன்பைத் திறக்க வேண்டும். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் அப்படியே. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே நிலைதான்.

சஹருக்கு முன், காலையில், நண்பகலில், அசர் வாக்கில், இஃப்தாருக்குச் சற்று முன், இஃப்தார் முடிந்து இரண்டு மணி நேரத்தில் என்று சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் எல்லா வேளையும் தேவைப்படாது, உங்களுக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடல் ஒரு மாதிரியாக இருந்தால் மட்டும் எந்த நேரமானாலும் உடனே பார்க்க வேண்டும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் ஆகியவை தாழ்வின் அடையாளங்கள். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிலர் எடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அத்தா வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் நோன்பு மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் தாழ்ந்தவருக்கு, தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் தாழலாம். அதனால் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே சரி.

இப்படித் திறந்த நோன்புக்குக் கஃப்பாரா கிடையாது. பிறகு ஒரு நாள் களா செய்தால் போதும். முப்பது நாளும் தொடர்ந்து முடியாதவர்கள் மருத்துவர் அனுமதித்தால் மற்ற மாதங்களில் இடைவெளி விட்டுப் பிடிக்கலாம். குணமாகும் நம்பிக்கையே இல்லாதவர், தள்ளாத முதியவர் ஆகியோருக்கு ஃபித்யா. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் விலை. இந்தக் கணக்கை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாடு பற்றி நீட்ட விரும்பவில்லை. சஹரை விடக் கூடாது, அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டும், அதில் முட்டை, பயறு, காய் என்று நின்று செரிக்கும் உணவு இருக்க வேண்டும். இஃப்தாரில் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதும், குழைந்த அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும். பெரிய மெட்ஜூல் பேரீத்தம்பழம் ஒன்றிலேயே சுமார் 18 கிராம் மாவுச்சத்து உண்டு, ஒன்றோடு சுன்னத்தை முடித்துக்கொள்ளலாம். சமோசாவும் ரோஸ்மில்க்கும் வந்தவர்களுக்கு இருக்கட்டும். தராவீஹ் தொழுகையே ஓர் உடற்பயிற்சிதான். பகலில் தனியாக வேகநடை போக வேண்டியதில்லை.

தைராய்டும் ஸ்டீராய்டும்

ஹார்மோன் கோளாறு என்றால் சர்க்கரை மட்டுமல்ல. தைராய்டு மாத்திரை எடுக்கும் சகோதரிகள் வெறும் வயிறு கிடைக்கவில்லை என்று ரமலானில் அதை விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். அதற்கு அவசியமில்லை. சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எழுந்து போடலாம். அல்லது இரவில் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துப் போடலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாளாக எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்களுடைய அட்ரினல் சுரப்பி சொந்தமாக வேலை செய்வதை மறந்திருக்கும். நோன்புக்காக அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்பு பிடிப்பதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாத மருந்து அது.

மருத்துவரிடம் எழுதி வாங்கும் சீட்டில் ஒன்றை மறக்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள்: பெருநாள் காலையிலிருந்து எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று. பிரியாணியும் ஷீர் குருமாவும் பரிமாறப்படும் அன்றே மருந்தும் பழைய நேரத்துக்கும் அளவுக்கும் திரும்ப வேண்டும். ஷவ்வால் ஆறு நோன்பு வைக்க எண்ணமிருந்தால் அந்த நாட்களுக்கான அளவையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.