உழைப்பும் ஒரு மருந்து



நாற்று நடுவதும், பனையேறிக் கருப்புக்கட்டி காய்ச்சுவதும், கடலில் வலை வீசுவதும் நம் குமரி மாவட்டத்தின் பழந்தொழில்கள். இவையெல்லாம் கையை நம்பி நடப்பவை. அந்தக் கையில் உணர்ச்சியே அற்றுப்போனால் மனிதன் என் செய்வான்? இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு விடை கிடைத்தது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தொழுநோய் தோலைப் பற்றிய நோய் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நரம்பைத் தாக்கும் நோய். அதன் கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். முழங்கை சுவரில் இடித்துவிட்டால் சுண்டுவிரல் வரை ஒரு கூச்சம் ஓடுகிறதல்லவா? அங்குச் செல்லும் நரம்பை இந்நோய் பெரிதும் தாக்கும். நரம்பு கெட்டதும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கிவிடும். சூடும் வலியும் தெரியாமற் போகும்.

நம் மாவட்டத்து நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டுச் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல், அந்த நெய்யூரில்தான் இருபதாண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். நம் கதையும் அவ்வேலூருக்கே செல்கிறது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, ஒரு நோயாளியின் மடங்கிய கையில் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது! கை செத்துவிடவில்லை; முன்கையின் தசைகள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றின் தசைநாண்களில் ஒன்றை எடுத்து விரல்களோடு இணைத்தால் கை மீண்டும் திறக்குமன்றோ? இவ்வெண்ணத்தோடு 1948 முதல் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் புதிய துன்பமொன்று எழுந்தது. நிமிர்ந்த கையோடு ஊர் சென்றவர்களுக்கு எவரும் வேலை தரவில்லை; கை நன்றாகிவிட்டதால் பிச்சையும் கிடைக்கவில்லை. கையைத் திருத்திய மருத்துவமே அவர்களைப் பட்டினி போட்டது போலாயிற்று. ஆகவே 1951இல் கல்லூரி வளாகத்திலேயே சில குடில்களை அமைத்து, அதற்கு நவஜீவ நிலையம் என்று பெயரிட்டார்கள். அங்கே நோயாளிகள் தச்சுவேலை கற்றார்கள்; மரப்பொம்மைகள் செய்தார்கள்.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. இடம் மாற்றிய தசைநாண் தன் புதிய வேலையை அறியாது. முன்பு ஒரு விரலை மடக்கியது, இப்போது வேறு விரல்களை நிமிர்த்த வேண்டும். அதை நாள்தோறும் பழக்கவேண்டும். சிறு குழந்தைக்கு அகரம் எழுதப் பழக்கிய ஆசிரியனாகிய எனக்கு இது புதிதன்று. விரல் அறியும் முன்னே மனம் பலமுறை தவறும். உணர்ச்சியற்ற கையோ சுத்தியலை எவ்வளவு இறுகப் பற்றுகிறோம் என்பதையும் அறியாது. எனவே கருவிகளின் கைப்பிடிகளைத் தக்கவாறு மாற்றி அமைத்தார்கள். வேலை முடிந்ததும் சிவப்பு, கொப்புளம், வெப்பம் உண்டா என்று கைகளைச் சோதிக்கப் பழக்கினார்கள். நரம்பு செய்த காவல் வேலையைக் கண் ஏற்றுக்கொண்டது.

ஒரு வியப்பையும் கேளுங்கள். இரவில் தூங்கப் போனவர் சிலர், காலையில் விரலின் ஒரு பகுதியை இழந்திருந்தார்கள். எலிகள் கடித்தும் அவர்கள் உணரவில்லை! அதனால் நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனையொன்றையும் உடன் கொண்டு செல்லச் செய்தார்களாம். மருந்துச் சீட்டில் பூனையும் இடம்பெற்ற மருத்துவம் வேறு எங்குண்டு?

இதே வேலூரில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுகுத்தண்டு நொறுங்கியவர்களுக்கு அவர் தாமே வாழும் பாடமாக விளங்கினார்.

தொழிலையே சிகிச்சையாக்கும் இக்கலைக்குத் தொழில்வழி மருத்துவம் என்று பெயர். பம்பாயில் 1950இல் கமலா நிம்ப்கர் அம்மையார் இதற்கெனத் தொடங்கிய பள்ளியே இந்நாட்டில் முதலாவது. 1982 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் தொழுநோய்க் கிருமி முற்றாக அழிகிறது. ஆயினும் முன்பே அழிந்துவிட்ட நரம்பை மருந்து மீட்பதில்லை. அவ்விடத்தில் பழக்கமே துணை.

பக்கவாதத்தால் ஒரு கை சோர்ந்த பாட்டனாரும், நடுக்குவாதத்தால் குவளையைப் பற்ற முடியாத பாட்டியாரும் உங்கள் இல்லங்களிலும் இருக்கலாம். அன்பு மிகுதியால் அவர்களுக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். சட்டைப் பொத்தானை அவர்களே மாட்ட முயலும்போது சற்றுப் பொறுத்திருங்கள். பெரிய பொத்தான் தைத்துக் கொடுங்கள்; குவளைக்குப் பருத்த கைப்பிடி தேடுங்கள். அவசரப்பட்டுக் கையை நீட்டாதீர்கள். தன் கையால் உண்ணும் ஒரு கவளத்தில் மனிதனின் மானம் அடங்கியிருக்கிறது.