மாசி மகத்தில் கூடும் இருளர்

நம் வட்டாரத்து வரப்புகளில் எலி வளை வெட்டும் இருளர், மாசி மாதத்தில் சில நாள் கண்ணில் படமாட்டார்கள். எங்கே போகிறார்கள் என்று நம்மில் கேட்டவர் குறைவு.

ஏரிக்கரையில் மூன்று குடிசை, அரிசி ஆலை ஓரத்தில் இரண்டு என்று சிதறி வாழ்பவர்கள் அவர்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் பக்கம், கழிமுகத்து நீரில் கையால் துழாவி இறால் பிடிப்போரும் உண்டு. தனித்து வாழ்பவனை மிரட்டுவது எளிது. களவு போனால் முதலில் சோதனையிட்டது இவர்கள் குடிசையைத்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதன் பின்னும் ஆலைகளிலிருந்து மீட்கப்பட்டோரில் இருளர் பலர்.

மாசி மகத்தன்று இவர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கோபித்துக் கடலுக்குப் போன கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்து வருவதாக ஐதிகம். (கோபித்துப் போன மகளை அழைக்கப் போகும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா!) நான்கு கழி நட்டுப் புடவை சுற்றினால் கூடாரம். விடியற்காலை மணலில் ஏழு படி கட்டிப் பூசை. பெண் பார்ப்பது, நிச்சயிப்பது, மணமுடிப்பது எல்லாம் அந்த மணலிலேயே. சிதறிய குடும்பங்களுக்கு உறவு அறுந்துபோகாமல் காத்தது இக்கூட்டமே என்பது நம் கருத்து. வெளியார் எவரும் ஏற்படுத்திக் கொடுத்ததன்று.

1990-களில் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி முன்னின்று அமைத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், இந்த ஒற்றுமையைக் காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கொண்டு சென்றது. சாதிச் சான்றிதழுக்குத் தனியே போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள், அதன்பின் சேர்ந்து போய்க் கேட்டார்கள்.