குளுட்டாதயோன் ட்ரான்ஸ்பெரேஸ் நொதியங்கள்: நச்சகற்றலும் நோயும்

குளுட்டாதயோன் ட்ரான்ஸ்பெரேஸ்கள் (சுருக்கமாக ஜி.எஸ்.ரி.) பக்டீரியா முதல் மனிதர் வரை பரவலாகக் காணப்படும் நச்சகற்றும் நொதியக் குடும்பமாகும். வெளியிலிருந்து புகுந்த நஞ்சுகளையும் உடலிலேயே உருவாகும் தீங்கான கழிவுகளையும் இவை குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறுடன் இணைத்து, நீரில் கரையும் நிலைக்குக் கொண்டுவந்து வெளியேற்ற உதவுகின்றன. மனிதரைக் காக்கும் இதே வேதியியல் நுளம்பையும் காக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாறு போன்ற கடனீரேரிக் கரைகளில் வாழ்வோருக்கு இந்த இரண்டாவது செய்தியே கூடுதல் முக்கியமானது.

குளுட்டாதயோனில் குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என மூன்று அமினோ அமிலங்கள் உள்ளன. வேலையைச் செய்வது சிஸ்டீனிலுள்ள கந்தக அணு. ஜி.எஸ்.ரி. தன் பிடிக்குள் வந்த குளுட்டாதயோனின் கந்தகத்திலிருந்து ஒரு புரோட்டனை எளிதில் விலகச் செய்கிறது. எதிர்மின்னேற்றம் பெற்ற கந்தகம் நச்சு மூலக்கூறைத் தாக்கி அதனுடன் பிணைகிறது. பிணைந்த பொருள் பின்னர் படிப்படியாக வெட்டப்பட்டு, மெர்கப்டூரிக் அமிலமாகச் சிறுநீருடன் வெளியேறும். 1961ஆம் ஆண்டு எலியின் ஈரலில் இச்செயல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பாலூட்டிகளின் ஜி.எஸ்.ரி.கள் அல்பா, மியூ, பை, தீற்றா முதலிய வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன.

மனித நோய்களில் இவற்றின் பங்கு ஒரே திசையில் செல்வதில்லை. பரசிட்டமோல் ஈரலில் சிதையும்போது உருவாகும் நச்சுப் பொருளைக் குளுட்டாதயோன் அடக்கிவிடும். அளவுக்கு மீறி விழுங்கினால் குளுட்டாதயோன் தீர்ந்து ஈரல் அழியத் தொடங்கும். மருத்துவமனையில் கொடுக்கப்படும் அசெட்டைல் சிஸ்டீன் அந்த இருப்பை மீண்டும் நிரப்புவதற்கே. புற்றுநோயில் நிலைமை சிக்கலானது. பல கட்டிகள் பை வகுப்பு நொதியத்தை மிகுதியாக உருவாக்கி, சில மருந்துகளுக்கு அசையாமல் நிற்கின்றன. புரொஸ்டேட் புற்றுநோயிலோ அதே நொதியத்தின் பரம்பரையலகு பெரும்பாலும் முடக்கப்பட்டிருக்கும். டைகுளோரோமெத்தேன் போன்ற சில கரைப்பான்களைத் தீற்றா வகுப்பு நொதியம் முன்னிருந்ததைவிடக் கெட்ட பொருளாக மாற்றிவிடுவதும் உண்டு. மியூ வகுப்பின் எம்1 பரம்பரையலகு ஐரோப்பியரில் ஏறத்தாழ அரைப் பங்கினரிடம் முற்றாகவே இல்லை. தென்னிந்தியரிடம் இந்த விகிதம் கணிசமாகக் குறைவு. எம்1 இல்லாமை புகைப்போரின் நுரையீரல் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்பட்டாலும் அத்தொடர்பு மெல்லியது. அந்த ஒரு பரம்பரையலகைப் பார்த்து ஒருவருடைய உடல்நலத்தைக் கணிக்க முயல்வது சரியன்று.

நுளம்பின் கதை இதைவிடத் தெளிவானது. இலங்கையில் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. 1946இல் வீடுகளின் உட்சுவர்களுக்கு டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியை அடிக்கத் தொடங்கினார்கள்; 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றாயிற்று என்று எண்ணி மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1960களின் இறுதியில் நோய் பேரலையாகத் திரும்பியது. பிரதான காவியான அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதும் அக்காலத்திலேயே உறுதியாயிற்று. 1970களில் மலத்தியன் என்னும் வேறு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டி வந்தது.

இந்த எதிர்ப்பின் முக்கிய வழிகளில் ஒன்று ஜி.எஸ்.ரி. பூச்சிகளுக்கே உரிய எப்சிலன் வகுப்பு நொதியங்கள் டி.டி.ரி.யிலிருந்து ஒரு ஐதரசனையும் ஒரு குளோரினையும் பிடுங்கி, நுளம்பைக் கொல்லாத டி.டி.ஈ. ஆக்கிவிடும். குளுட்டாதயோன் இதில் துணையாக நிற்கிறதே தவிரச் செலவாவதில்லை. ஆகவே நொதியம் கூடுதலாக இருக்கும் நுளம்பு அதே சுவரில் அமர்ந்து, அதே மருந்தைத் தொட்டு, பிழைத்துப் பறந்துவிடும். டி.டி.ஈ. சூழலிலும் மனிதக் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும் பொருள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நரம்புக் கலத்தின் சோடியம் வாயிலில் ஏற்படும் மாற்றம் எதிர்ப்பின் இன்னொரு வழி. அது இலங்கையின் அனோபிலிஸ் சப்பிக்டஸ் நுளம்பிலும் கண்டறியப்பட்டுள்ளது.

எதிர்ப்பை அளக்கும் முறை எளிமையானது. 4 வீத டி.டி.ரி. தோய்த்த தாள் சுற்றிய குழாயில் நுளம்புகளை ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவார்கள். நொதியத்தைப் பார்க்க ஒற்றை நுளம்பை நீரில் அரைத்துத் தட்டின் சிறு குழியில் இட்டு, குளுட்டாதயோனையும் குளோரோடைநைட்ரோபென்சீனையும் சேர்ப்பார்கள். 340 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சல் வேகமாகக் கூடினால் ஜி.எஸ்.ரி. மிகுதி என்று பொருள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பராக்கிரம கருணாரத்னவும் பிரித்தானிய ஆய்வாளர் ஜனெட் ஹெமிங்வேயும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். டி.டி.ரி. கைவிடப்பட்டுப் பத்தாண்டுகள் பல கடந்தும் இலங்கை அனோபிலிஸ்களிடம் அதற்கான எதிர்ப்பு குறையாமலிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தொண்டைமானாற்றில்தான் வடமராட்சிக் கடனீரேரி கடலைச் சேர்கிறது. கடல்நீர் உட்புகுவதைத் தடுக்க இங்கே கதவுகளுடன் ஓர் அணை உண்டு. மாரியில் நன்னீர் பெருகி, கோடையில் உவர் ஏறும் இத்தகைய கரைகளில் டெங்கு நுளம்பு பெருக முடியாது என்ற பழைய நம்பிக்கையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சி. நோ. சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் உடனுழைத்தோரும் தகர்த்தார்கள். குடாநாட்டில் டெங்குக் காவியான ஈடிஸ் எஜிப்தியின் குடம்பிகள் உவர்கலந்த நீரிலும் வளர்வதை அவர்கள் பதிவு செய்தனர். நன்னீர்ப் பாத்திரங்களை மட்டும் தேடி அழிக்கும் ஒழிப்புப் பணி இந்தக் குடம்பிகளைத் தவறவிடும். தப்பியவை வளர்ந்தபின் புகையடிப்பையே நம்ப வேண்டியிருக்கும். அங்கேதான் நொதிய எதிர்ப்பு குறுக்கே வருகிறது.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்தியாவின் நகர்ப்புற மலேரியாக் காவியான அனோபிலிஸ் ஸ்டெபென்சி மன்னாரில் இருப்பது வெளியிடப்பட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் அகப்பட்டது. இது கிணறுகளில் முட்டையிடும் நுளம்பு. கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டுக்கு இதைவிடக் கவலையான செய்தி குறைவு. நுளம்பு வலைகளில் மருந்துக்குத் துணையாகச் சேர்க்கப்படும் பைப்பெரொனைல் பியூட்டொக்சைட்டு முதன்மையாக வேறு நொதியங்களையே முடக்குவதால் ஜி.எஸ்.ரி. எதிர்ப்புக்கு நல்ல மாற்றாகாது. எனவே எந்த மருந்தை அடிப்பது என்று தீர்மானிக்குமுன் அந்தந்த ஊர் நுளம்பின் நொதியங்களை அளப்பது அவசியம். கிணறுகளில் குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடும் பழைய முறைக்கு இந்த எதிர்ப்பு எதுவும் தடையில்லை. மன்னாரில் ஸ்டெபென்சிக்கு எதிராக அதையும் கையாண்டார்கள்.