மதுவும் வாலிபரும்: ஒரு நாழிகையின் வரலாறு

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது எம்மூர்ப் பெரியோர் வாக்கு. மூளையை ஆராய்ந்தோரும் ஏறத்தாழ இதனையே கூறுகின்றனர். எழுந்த எண்ணத்தைச் சற்றே தடுத்து நிறுத்தும் ஆற்றல் நெற்றிப்புறத்து மூளையைச் சார்ந்தது. அப்பகுதியோ இருபத்தைந்து வயதளவிலேதான் முதிர்ச்சி பெறுகின்றது. மது முதலில் மயக்குவதும் அந்தத் தடுப்பாற்றலையே. கடிவாளம் இன்னும் சரியாகப் பூட்டப்படாத குதிரைக்கு, இருக்கும் கடிவாளத்தையும் அறுத்து விடுவது போலாகும் வாலிபன் குடிப்பது.

இதனை எடுத்துக் கூறுவதில் எமது முன்னோர் குறை வைத்தாரல்லர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நல்லைநகர் ஆறுமுக நாவலர் பாலபாடத்திலே கள்ளுண்ணலுக்கெனத் தனிப்பாடம் எழுதிச் சிறுவர் கையிலே கொடுத்தார். நாம் எல்லோரும் அவற்றைப் படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அப்படியிருந்தும் எம் வாலிபரிற் பலர் குடிக்கின்றனர். ஆகவே போதனையோடு வேறொன்றையும் ஆராயவேண்டியிருக்கிறது. ஆத்திரம் எழுகின்ற அந்த நாழிகையில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது என்ன? இலங்கை வரலாறு இவ்வினாவுக்கு இருமுறை விடை தந்துள்ளது.

முதலாவது, 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம். அதற்கு முன் சாராயம் குத்தகை முறையில் விற்கப்பட்டது. ஆங்கில அரசாங்கம் அம்முறையை மாற்றிக் கள்ளைச் சாராயத்தினின்று பிரித்து, நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டது. எமது காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தருக்கு அப்போது வயது இருபது. ஊருக்கு ஊர் மதுவிலக்குச் சங்கங்கள் முளைத்தன. டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலானோர் மேடையேறினர். குடிப்பவனைப் பழிப்பதோடு நில்லாமல், "எங்கள் ஊரில் தவறணை வேண்டாம்" என்று அரசை நோக்கிக் கேட்டதே அவ்வியக்கத்தின் சிறப்பு. 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் மூண்டபோது, இச்சங்கங்களிலே இராசத்துரோகத்தின் வாடை கண்ட அரசு தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது. அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கலவரத்திலே துன்புற்ற முஸ்லிம் மக்களின் மனத்தில் அவ்வாதம் ஆறாத வடுவாயிற்று என்பதையும் இக்கரையில் வாழும் நாம் மறத்தலாகாது. பின்னர் ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமை கிடைத்தது. 1920களிலும் 1930களிலும் பல ஊர்கள் அவ்வாறே மூடின.

முற்றாக மூடுவதே மருந்து என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்கா 1920இல் மதுவை விலக்கி 1933இல் கைவிட்டது. இராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கும் 1971இல் தளர்ந்தது. கள்ளச்சாராயத்தின் கதை எல்லா நாட்டிலும் ஒன்றே. எமது வயற்புறங்களில் கசிப்பு வடிக்கப்படுவதை அறியாதார் யார்?

ஆனால் எம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. நீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்த கரை இது. இஸ்லாத்திலே மதுவிலக்கு ஒரே நாளில் வந்ததன்று. பயனினும் கேடு பெரிது என்பது முதலில். மயக்கத்தோடு தொழுகையை நெருங்காதீர் என்பது அடுத்து. முற்றாக விலக்குமின் என்பது இறுதியில். மனித மனத்தை அறிந்த படிமுறை என்றே நாம் கருதுகிறோம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வழிதவறும் வாலிபர் இல்லாமலில்லை. ஆயினும் தவறுவதற்கு அவன் ஊரெல்லை கடக்கவேண்டும். நடந்து போகும்போதே ஆத்திரம் பாதி தணிந்துவிடும். அவன் கடந்து வருவது சில வேளைகளில் எமதூருக்கே என்பதை எழுத எமக்கு நாணமாயிருக்கிறது.

இரண்டாவது விடை இன்னும் துயரமானது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபின் இப்பகுதியில் நீரும் நெல்லும் பெருகின. புதிய நெல்லினங்களோடு கிருமிநாசினியும் நாடெங்கும் கமக்காரர் வீடுகளுக்குள் வந்தது. 1995இல் இலங்கையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் தொகை 1 இலட்சம் பேருக்கு 47 ஆக உயர்ந்தது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. இறந்தோரிற் பலர் வாலிபர். வடமத்திய மாகாண வைத்தியசாலைகளிற் பிழைத்தெழுந்தோரை விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரைமணி நேரங்கூட யோசித்திருக்கவில்லை எனத் தெரிந்தது. அரைமணி என்பது எமது கணக்கில் ஒரு நாழிகைக்குச் சற்று மேல். வீட்டில் ஒரு சொற்சண்டை, தகப்பனின் ஏச்சு, காதலில் ஒரு முறிவு. ஆண்கள் பலரிடத்தில் அதனோடு சேர்ந்த குடி. சாகவேண்டுமென்று தீர உறுதி கொண்டவர் அவர்களிற் சிலரே.

அரசு என் செய்தது? வாலிபரின் கோபத்தை எந்தச் சட்டமும் மாற்றாது. மிகக் கொடிய கிருமிநாசினி வகைகளை 1984இலும் 1995இலும் 1998இலும் படிப்படியாகத் தடைசெய்தது. சண்டைகள் ஓயவில்லை, குடியும் ஓயவில்லை. ஆயினும் 2005ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1995 முதல் 2015 வரை 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. நெல் விளைச்சலும் குறையவில்லை. அவ்வாறு காக்கப்பட்டோர் இன்று பிள்ளைகுட்டியோடு எம்மிடையே வயல் விதைத்துக்கொண்டிருப்பர். தாம் காக்கப்பட்டதை அவர்களிற் பலர் அறியவும் மாட்டார்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடுக்கிறது, விளம்பரத்தையும் தடுக்கிறது. ஏட்டில் நல்ல சட்டந்தான். கடைக்காரர் வயதை எத்தனை முறை கேட்கிறார் என்பதை எமது சங்கத்து அங்கத்தவர்களே நன்கு அறிவர். இளகிய சிரிப்போடு அவர்கள் தலைகுனிவதை நாமும் கண்டிருக்கிறோம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்புக்கு விரதம் பூணும் வாலிபரையும் கண்டிருக்கிறோம். மற்ற நாட்களில் மாலையானாற் போத்தலைத் தேடுபவனும் அவர்களுள் உண்டு. காப்புக் கட்டிய நாள் முதல் அவன் மதுவைத் தொடுவதில்லை. உறுதி அவனிடம் புதிதாக முளைக்கவில்லை. அந்நாட்களில் அவனைச் சுற்றிக் கோயிலும் தோழரும் பறையொலியும் இருக்கின்றன. தனியே இருக்கும் மாலை இல்லை. காப்பு அவிழ்த்த மறுநாள் மாலை அவன் எங்கே போவான் என்று நாம் கேட்டதுண்டா? எமது சங்க மண்டபம் அந்த நேரத்திற் பூட்டியே கிடக்கிறது. அதனை இரவு பத்து மணிவரை திறந்து வைப்பது பற்றி இவ்வருடப் பொதுக்கூட்டத்திலே பேச இருக்கிறோம்.

மனம் உடைந்த வேளையில் இலங்கையின் எப்பகுதியிலிருந்தும் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். அவ்விலக்கத்தை மண்டபத்தின் கதவிலே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.