சான்சிபார்: கல் நகரத்தில் ஒரு கடன் கணக்கு

சான்சிபார் என்றால் கிராம்பும் வெள்ளை மணலும் என்று நினைத்துப் படிக்க வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் கடற்கரை கிடையாது. சந்துகளும் கதவுகளும் கொஞ்சம் கடன் கணக்கும்தான். வங்கிக்காரன் ஊர் சுற்றினால் வேறென்ன எழுதுவான்!

நான் குஜராத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. கட்ச் பக்கத்து வாடிக்கையாளர்கள் பேச்சுவாக்கில், "எங்கள் கொள்ளுத்தாத்தா ஜங்க்பாரில் கடை வைத்திருந்தார்" என்பார்கள். ஜங்க்பார் எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், அதுதான் சான்சிபார். மாண்ட்வி துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறி, வடகிழக்குப் பருவக்காற்றில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், காற்று திசை மாறியதும் திரும்பி வந்தவர்கள். திரும்பாமல் அங்கேயே தங்கியவர்களும் நிறைய. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா? லீவு சேர்த்து வைத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தார் எஸ் சலாமிலிருந்து படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

பழைய நகருக்கு சுவாஹிலியில் ம்ஜி ம்கோங்க்வே என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்டோன் டவுன். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பவளப்பாறைக் கல், சுண்ணாம்பு, கூரைக்கு அலையாத்தி மரக் கம்பு, இவ்வளவுதான் கட்டுமானப் பொருள். கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதனால் அறைகள் எல்லாம் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். வாசலில் 'பராசா' என்று கல் திண்ணை. அசல் நம்மூர்த் திண்ணையேதான். சாயங்காலமானால் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து சின்னக் கிண்ணத்தில் காப்பி குடிக்கிறார்கள்.

கதவுகளைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். செதுக்கு வேலை செய்த பழைய கதவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தாமரை, மீன், பேரீச்சை இலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலைப்பாடு. மேல்சட்டம் நேராக இருந்தால் அரபுப் பாணி. வளைவாக இருந்தால் இந்தியப் பாணி. சில நிலைகளில் சங்கிலி செதுக்கியிருக்கும். அது அடிமை வைத்திருந்த வீடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வீட்டுக்குக் காவல் என்ற பொருளில் செதுக்கியது என்று சொல்பவர்களும் உண்டு.

கடைப் பலகைகளைப் படித்தபடி நடந்தால் இன்னொரு வேடிக்கை. கடைக்கு 'துகா', லட்சத்துக்கு 'லாகி', இன்சூரன்ஸுக்கு 'பீமா'. காசோலைக்கு என்ன தெரியுமா? 'ஹுண்டி'. நம் பழைய வணிகர்கள் உண்டியல் என்று சொன்ன அதே சொல்! கடற்கரைப் பூங்காவின் பெயர் ஃபொரொதானி. சுங்கச்சாவடி இருக்கும் இடம் என்று பொருள். இந்த ஊரின் வரலாறு தொடங்குவதே அந்தச் சாவடியில்தான்.

ஓமான் சுல்தான் சயித் சயீத் 1840 வாக்கில் மஸ்கட்டை விட்டுத் தன் அரசவையை இங்கே மாற்றிக்கொண்டார். தீவில் கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார். வரி வசூலிக்க அவரிடம் ஆள் படை இல்லை. என்ன செய்தார்? நம்மூரில் சந்தையைக் குத்தகைக்கு விடுவது போல, சுங்கத்தையே குத்தகைக்கு விட்டுவிட்டார். வருடத்துக்கு இவ்வளவு என்று சுல்தானுக்குக் கட்டிவிட்டால், வசூலாவது குத்தகைக்காரருக்கு. கட்ச் வணிகரான ஜெய்ராம் சிவ்ஜியின் நிறுவனம் பல பத்தாண்டுகள் இந்தக் குத்தகையை வைத்திருந்தது. கையில் காசு இல்லாதபோது சுல்தானும் அவர்களிடம்தான் கடன் வாங்குவார். அரசாங்கத்துக்கே வங்கி அவர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைமுறையில் அந்த இடத்துக்கு வந்தவர் தாரியா தோப்பன். கட்சில் பிறந்து சிறுவயதிலேயே சான்சிபார் போன இஸ்மாயிலி கோஜா. படகுத் துறைக்குப் பக்கத்திலேயே அவர் தொடங்கிய மருந்தகம் நிற்கிறது. ஊரிலேயே அழகான கட்டடம் அதுதான் என்பேன். மரத்தில் சரிகை பின்னியது போன்ற பால்கனிகள், வண்ணக் கண்ணாடிகள். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி 1887-இல் அடிக்கல் நாட்டினார். 1890-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1891-இல் இறந்துவிட்டார், கட்டடம் முடிந்தது 1894-இல். 1990-களில் ஆகா கான் அறக்கட்டளை புதுப்பித்துக் கொடுத்திருக்கிறது.

பெருமையாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் 1883-இல் சுல்தான் பர்காஷ் கட்டிய அதிசய மாளிகை வருகிறது. 2020 டிசம்பர் 25 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். நாங்கள் போனபோது உள்ளே விடவில்லை. அதைத் தாண்டி, பழைய கோட்டையையும் தாண்டி ஷங்கானி பகுதிக்குள் நுழைந்தால், சந்துக்குள் ஒரு பழைய வீடு. திப்பு திப் என்று ஊர் அழைத்த ஹமத் பின் முகமதுவின் வீடு. காங்கோ வரை போய்த் தந்தமும் அடிமைகளும் கொண்டுவந்த வணிகர். இவருக்குச் சரக்கு கடன் கொடுத்தவர் யார்? அதே தாரியா தோப்பன்.

கடன் நடந்த விதம் இப்படி. பம்பாயிலிருந்தும் கட்சிலிருந்தும் துணி வரும், அமெரிக்காவிலிருந்து 'மெரிகானி' என்ற காடாத் துணி வரும். இவற்றோடு பாசிமணி, பித்தளைக் கம்பி, துப்பாக்கி, வெடிமருந்து. உள்நாட்டுக்குப் போகும் கூட்டத்தின் தலைவருக்கு இந்தச் சரக்கைக் கடனாகக் கொடுப்பார்கள். விலையை ஏற்றி எழுதினால் அதுவே வட்டி. அவர் வருடக்கணக்கில் சுற்றிவிட்டு, தந்தத்தோடு வந்து கணக்கை முடிப்பார். அந்தத் தந்தம் பியானோ கட்டையாக அமெரிக்காவுக்கும், கல்யாண வளையலாக குஜராத்துக்கும் போகும். தந்தத்தைக் கரைக்குச் சுமந்து வந்தவர்களில் கூலியாட்களும் இருந்தார்கள், பிடித்து வரப்பட்டவர்களும் இருந்தார்கள். பேரேட்டில் துணிப் பற்றும் தந்த வரவும் இருக்கும். நடுவில் நடந்ததற்குக் கணக்கில் தலைப்பே கிடையாது.

எங்கள் தொழிலில் கடன் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பணம் எதற்குப் போனது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய கடனில் டிராக்டர்தான் வாங்கினாரா என்று போய்ப் பார்ப்போம். அந்த ஒரு கேள்வியை இந்த ஊர் பல பத்தாண்டுகள் கேட்காமலே பணக்கார ஊரானது. இந்திய வணிகர்கள் தூரத்தில் இருந்து கடன் மட்டும் கொடுத்தார்கள் என்றும் தப்பிக்க முடியாது. வீட்டிலும் தோட்டத்திலும் அவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். 1860 வாக்கில் பிரிட்டிஷ் தூதர் ரிக்பி, இந்தியர்களிடமிருந்த அடிமைகளை ஆயிரக்கணக்கில் விடுவிக்க வைத்தார்.

ஷங்கானியிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து கிழக்கு ஓரத்துக்கு வந்தால் ம்குனசினி. அடிமைச் சந்தை இருந்த இடம். பிரிட்டன் அனுப்பிய பார்ட்டில் ஃபிரேயரின் நெருக்குதலுக்குப் பிறகு, 1873 ஜூனில் சுல்தான் பர்காஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, சந்தை மூடப்பட்டது. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று அங்கே தேவாலயத்துக்கு அடிக்கல். அடிமைகளைக் கட்டி அடித்த கம்பம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் இருக்கிறது என்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அடிமைகளை அடைத்த அறை என்று ஒரு நிலவறையைக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டடம் பிற்பாடு மிஷன் மருத்துவமனையாக எழுந்தது என்பதால் ஆய்வாளர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். வெளியே தோட்டத்துப் பள்ளத்தில் 1998-இல் வைத்த சிலைகள். கழுத்தில் சங்கிலியோடு ஐந்து பேர்.

மகள் அங்கேதான் கேட்டாள். "அப்பா, ஆஸ்பத்திரி கட்டினவர் நல்லவரா, கெட்டவரா?"

நான் தேதிகளைச் சொன்னேன். அடிமைச் சந்தை மூடிய பிறகும் தோட்டங்களில் அடிமை முறை தொடர்ந்தது. 1897-இல்தான் அதன் சட்ட அந்தஸ்து நீங்கியது. அப்போது நஷ்டஈடு யாருக்குக் கிடைத்தது? அடிமைகளின் உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. (ரூபாய் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று அங்கே புழங்கியது நம் ரூபாய்தான்.) அவள் கேள்விக்கு இது நேரான பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அவர் நல்லவரா என்று தீர்ப்பு எழுதுவதைவிட, அவருடைய கணக்கில் வராமல் போனவர்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

கணக்கு அதோடு முடியவும் இல்லை. அரபுத் தோட்டக்காரர்கள் இந்தியர்களிடம் கடனில் மூழ்கினார்கள். நிலம் கைமாறுவதைத் தடுக்க 1934-இல் அரசு சட்டம் போட்டது. கிராம்பு வணிகமும் கைவிட்டுப் போகுமோ என்ற நிலை வந்தபோது, 1937-38-இல் இந்தியாவில் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்கும் போராட்டம் நடந்தது. 1964 ஜனவரி 12 அன்று புரட்சி. அரபிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள், பலர் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். அவர்களில் கடன் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குமாஸ்தா, தையல்காரர், பள்ளி ஆசிரியர் என்று சாதாரணக் குடும்பங்கள்தான் அதிகம். பழைய பாக்கியை வசூலிக்க வரும் கோபம் முகவரி பார்த்து வருவதில்லை. வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. காலை ஏழு மணிக்கே நடக்கத் தொடங்குங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. தோளும் முழங்காலும் மறைகிற உடை போடுங்கள், ஊர் பெரும்பாலும் முஸ்லிம் ஊர். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், சப்பாத்தியும் பஜ்ஜியும் எங்கும் கிடைக்கும். மருந்தகத்தில் தொடங்கி, திப்பு திப் வீடு வழியாக, தேவாலயத்தில் முடியுங்கள். மொத்தமே இரண்டு கிலோமீட்டர் வராது. பிள்ளைகளை அழைத்துப் போனால், கதவுகளைப் படம் எடுத்து முடித்த பிறகு அந்தப் பள்ளத்தின் அருகில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர்களே கேள்வி கேட்பார்கள்.