கரும்பலகையில் எழுதாமல் விட்ட ஒரு வரி



39916801. இந்த எண் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1 முதல் 11 வரை வரிசையாகப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது. 2 முதல் 11 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1. இது ஒரு பகா எண். கையால் சோதிப்பதென்றால் 6317 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண் வராது. 4 வரை பெருக்கினால் 25 = 5×5. 5 வரை: 121 = 11×11. 6 வரை: 721 = 7×103. 7 வரை: 5041 = 71×71. ஆனால் ஒரு ஒழுங்கு தெரிகிறது, பாருங்கள். 5-ஐ 4-ஆல், 11-ஐ 5-ஆல், 7-ஐயும் 103-ஐயும் 6-ஆல், 71-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1 தான்.

ஒரு நாள் வகுப்பில் இதோடு நிறுத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "எப்பவும் இப்படித்தான் வருமா சார்?" என்றாள். மணி அடிக்கும் நேரம். "வரும், உட்காரும்மா" என்றேன்.

வராது. அடுத்த வரியிலேயே உடைகிறது. 8 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 40321 = 61×661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5.

ஒழுங்கை இப்படி உடைக்கும் பகா எண்களுக்குப் 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அது 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டிய எண்ணை வகுக்கும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பதும் பின்னால் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

இவற்றை ஆராய்ந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-ல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். குழந்தையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் போனார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர்தான் பண உதவி செய்து படிக்க வைத்தார். அந்தப் பையன் நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்து உயர்ந்து, 1929-ல் நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1940-ல் நிரூபித்தார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49.

சாஸ்திரியார் ஒரு மாணவனின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். நானோ ஒரு மாணவியின் கேள்வியை நிறுத்திவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு பிள்ளையைப் பற்றிப் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

அம்மா, இதைப் படித்தால் தெரிந்துகொள்: நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதில்தான் தப்பு. மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: 9 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 19-ஆல் வகுபடும். அங்கே ஒழுங்கு நிற்கிறதா, உடைகிறதா? பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துச் சேர்ந்து செய்யுங்கள். அவர்கள் "எப்பவுமா?" என்று கேட்டால், தயவுசெய்து அடுத்த வரியையும் எழுதுங்கள்.